குளிரை மறிக்கப் போய்க் காற்றை மறிக்காதீர்கள்: மலையகக் கோழிக்கூட்டுக்குச் சில குறிப்புகள்

லயத்துக்குப் பின்னால், புதிதாகக் கட்டிய ஏழு பேர்ச்சஸ் வீடுகளின் ஓரத்தில் என்று தோட்டங்களில் எங்கு பார்த்தாலும் பத்துக் கோழிக்கு ஒரு கூடு நிற்கிறது. முட்டை பிள்ளைகளுக்கு ஆகும். மிஞ்சினால் கைச்செலவுக்கு உதவும். மழைக்காலம் பிறந்ததும், பாவம் குளிருமே என்று பழைய படங்காலும் தகரத்தாலும் நாலு பக்கத்தையும் மூடிவிடுகிறோம். சில வாரத்தில் ஒன்றிரண்டு கோழி சுருண்டு விழுந்தால் குளிரில் செத்துவிட்டது என்கிறோம். அவற்றில் பலதைக் கொன்றது ஈரம். இறகு காய்ந்திருந்தால் நுவரெலியாக் குளிரையும் கோழி தாங்கும். அதன் உடம்புச் சூடே 41 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிறது. மேலே இறகுப் போர்வை வேறு. ஈரத் தரையும் நனைந்த இறகும் அமோனியா நெடியும் சேர்ந்துவிட்டால் எந்த ஊரிலும் அது பிழைக்காது.

1. முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முட்டையிடும் ஒரு கோழி நாளொன்றுக்கு 200 முதல் 250 மில்லிலீற்றர் வரை தண்ணீர் குடிக்கும். பத்துக் கோழிக்கு இரண்டு லீற்றருக்கு மேல். முட்டையோடு போவது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் எச்சமாகவும் மூச்சாகவும் திரும்பி வருகிறது. எச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். மேயவிட்டால் அதில் ஒரு பங்கு வெளியில் போய்விடும். விடாமழை என்று நாள் முழுக்க அடைத்து வைத்தால் அவ்வளவும் கூட்டுக்குள்தான். ஒரு சொட்டு மழை உள்ளே வராத கூடும் நனைந்து கிடப்பது இதனால்தான்.

2. வெளியே மூட்டம் இறங்கியிருக்கும்போது திறந்து வைத்தால் ஈரம் கூடத்தானே செய்யும் என்று பலரும் கேட்கிறார்கள். கூடாது, குறையும். 16 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 13.6 கிராம் நீராவியைத்தான் சுமக்கும். அதே காற்று 20 பாகைக்கு ஏறினால் 17 கிராமுக்கு மேல் சுமக்கும். நூறு வீத ஈரத்தோடு நுழைகிற காற்றும் கோழிகளின் உடம்புச் சூட்டில் நாலு பாகை கூடினாலே ஈரப்பதம் 80 வீதத்துக்கு இறங்கிவிடும். அப்படி ஈரப்பதம் குறைந்த காற்று கூட்டின் ஈரத்தை ஏற்றிக்கொண்டு மேலே எழும். அது வெளியேற வழி இருந்தால் போதும். தேயிலைத் தொழிற்சாலையில் மழை நாளில் கொழுந்தை வாட்ட, சூட்டுக் காற்றைக் கலந்து விசிறியால் ஊதுகிறார்களே, அதே கணக்குத்தான் இங்கேயும்.

3. அந்த வழி மேலே இருக்க வேண்டும். கூரைக்கும் பக்கச் சுவருக்கும் இடையில் ஒரு சாண் உயரத்துக்கு இடைவெளி விட்டு, கீரியும் மரநாயும் நுழையாதபடி இறுக்கமான கம்பிவலை அடியுங்கள். இரவில் கோழி உட்காரும் மட்டத்தில் மட்டும் காற்று நேரே அடிக்கக் கூடாது. கீழே மறைப்பு, மேலே திறப்பு. படங்கு கட்டினாலும் இதே முறைதான்: கூரை வரை இழுத்துக் கட்டாமல் கோழியின் தலைக்கு மேல் ஓரடியோடு நிறுத்துங்கள். போதுமான காற்று போகிறதா என்று அறிய, விடியற்காலையில் படங்கின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கை நனைந்தால் இடைவெளி போதாது.

4. திறப்பை எந்தப் பக்கம் வைப்பது என்பது உங்கள் தோட்டம் எந்தச் சரிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கங்களில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றோடு சாரல் அடிக்கும். அங்கே மேற்கையும் தெற்கையும் அடைத்து, வடக்கிலும் கிழக்கிலும் திறப்பு வையுங்கள். இராகலை, வலப்பனைச் சரிவுகளுக்கு டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கு மழைதான் பெரிது. அங்கே திசையை மாற்றிக்கொள்ளுங்கள். நுவரெலியாவைச் சுற்றியுள்ளவர்களுக்கு இரண்டு மழையும் உண்டு. அவர்கள் இரு பக்கமும் சுருட்டிக் கட்டக்கூடிய மறைப்பு வைத்துக்கொண்டு பருவத்துக்கேற்ப இறக்கி ஏற்றுவது நல்லது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரத்து இடிமழை எந்தப் பக்கமிருந்தும் வரும். அப்போது கூரையின் இறவாணம்தான் காப்பாற்றும். சுவரைத் தாண்டி இரண்டடியாவது கூரை நீண்டிருக்கட்டும்.

5. மண்மேட்டை வெட்டித் தட்டையாக்கிய இடத்தில் கூடு நின்றால், பின்பக்கத்து மேட்டிலிருந்து ஊற்றுத் தண்ணீர் தரைக்கடியில் கசியும். மேலே எவ்வளவு காய வைத்தாலும் அடியிலிருந்து ஊறிக்கொண்டே இருக்கும். கூட்டுக்கு மேற்புறம், தேயிலை மலையில் வெட்டுவதுபோல் சரிவுக்குக் குறுக்கே ஒரு கான் வெட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். கூட்டை மேட்டோடு ஒட்டாமல் இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். இடம் போதவில்லை என்று மேட்டை இன்னும் நேராக வெட்டிவிடாதீர்கள். மண்சரிவு நடக்கும் மலைநாடு இது. ஒரு கூட்டுக்காக வீட்டின் முதுகை வெட்டுவது வேண்டாம்.

6. முடிந்தால் கூட்டைக் கால் மேல் கட்டுங்கள். நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில், ஒரு விரல் இடைவெளி விட்டு அடித்த சலாகைத் தரை. எச்சம் கீழே விழுந்துவிடும், காற்று அடியிலும் ஓடும். ஐந்தாறு கோழி வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. கீழே விழுந்ததை வாரத்துக்கு ஒரு தடவை கூட்டி அள்ள வேண்டும், அவ்வளவே.

7. தகரக் கூரை இரவில் வியர்க்கும். கோழி மூச்சின் சூட்டு ஆவி குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டும். காலையில் கோழியின் முதுகிறகு ஈரமாக இருந்தால் ஒழுக்கு எங்கே என்று தேடுவதற்கு முன் இதை நினையுங்கள். தகரத்துக்கு அடியில் நாலு விரல் இடைவெளி விட்டுச் சாக்கையோ மெல்லிய பலகையையோ அடித்தால் சொட்டு நின்றுவிடும். சாக்காக இருந்தால் வெயில் கண்ட நாளில் கழற்றிக் காய வைக்க வசதியாகக் கட்டுங்கள்.

8. தரைக் கூடு என்றால் கூளம் நாலு முதல் ஆறு அங்குலம் இருக்க வேண்டும். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி இடம் வேண்டும். மர ஆலையில் கிடைக்கும் சீவல்தான் நமக்குக் கைக்கெட்டியதில் நல்லது. ஈரத்தையும் உறிஞ்சும், கிளறினால் காயவும் செய்யும். மரத்தூள் என்றால் பச்சை மரத்துத் தூளை அப்படியே கொட்டாதீர்கள், இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். மருந்து ஏற்றிய பலகையின் தூளும் வேண்டாம். உமி அவ்வளவாக உறிஞ்சாது. சீவலோடு கலந்தால் கூளம் கட்டிபடாமல் இருக்கும்.

கழிவுத் தேயிலையைக் கூளமாகப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ருகுணுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இறைச்சிக் கோழிகளில் அதைப் பரீட்சித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கழிவுத் தேயிலையைக் கையாளத் தேயிலைச் சபையின் விதிகள் இருக்கின்றன. தொழிற்சாலையில் கேட்டு, ஒழுங்காகக் கிடைத்தால் மட்டும் பயன்படுத்துங்கள். பத்துக் கோழிக்காக வேலைக்கு வில்லங்கம் தேடிக்கொள்ள வேண்டாம்.

9. கூளத்தின் ஈரத்தை அளக்க உங்கள் கையே போதும். கூட்டின் நடுவிலிருந்து, மேற்பரப்பை விலக்கி, அடிக்கூளத்தில் ஒரு பிடி அள்ளுங்கள். இறுக்கிப் பிடித்துவிட்டு விரலை விரியுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. ஒன்றோடொன்று லேசாக ஒட்டி, பிறகு தானே உதிர்ந்தால் சரியான பதம். ஈரம் 20 முதல் 30 வீதத்துக்குள் இருக்கும். பிடிக்கவே பிடிக்காமல் தூசியாகப் பறந்தால் காய்ச்சல் கூடிவிட்டது. அந்தத் தூசியும் கோழியின் மூச்சுக்கு ஆகாது. மலையகத்தில் இந்த மூன்றாவது நிலை அபூர்வம். தண்ணீர்ப் பாத்திரத்தின் அருகிலும் கோழி உட்காரும் கம்புக்கு அடியிலும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். கெடுவது முதலில் அந்த இரண்டு இடமும்தான்.

10. கூளத்தைக் காலை பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் முள்ளால் கிளறுங்கள். பின்னேரம் மூட்டம் இறங்கிவிடும். அந்த நேரத்தில் கோழி வெளியே இருக்கட்டும். கட்டிபட்ட தட்டுகளை உடைத்துக் கலக்காமல், அப்படியே தூக்கி வெளியே போட்டுவிட்டுப் புதுச் சீவலை இட்டு நிரப்புங்கள்.

11. சுண்ணாம்பு விஷயத்தில் கவனம் வேண்டும். ஈரத்தை இழுக்கும் என்று நனைந்த கூளத்தின் மேல் தூவுகிறார்கள். சுண்ணாம்பு எச்சத்தின் காரத்தன்மையைக் கூட்டும். அதில் அடங்கியிருந்த அமோனியா ஆவியாகக் கிளம்பும். மூடிய கூட்டில் அன்றிரவு கோழிக்குக் கண்ணெரிச்சல்தான் மிச்சம். அடுப்புச் சாம்பலும் அதே குணம். சுண்ணாம்பைக் கூளம் முழுவதையும் வாரிய பிறகு வெறும் தரையில் தூவி, ஓரிரு நாள் விட்டு, அதன்மேல் புதுக் கூளம் போடுங்கள். சாம்பலைக் கோழி புரண்டு குளிக்க ஒரு மூலையில், பெட்டியில் காய்ந்த மண்ணோடு கலந்து வையுங்கள். பேனுக்கும் அது நல்லது.

12. தண்ணீர்ப் பாத்திரத்தைத் தரையில் வைக்காதீர்கள். விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு வரும்படி செங்கல் அடுக்கி, அதன்மேல் வையுங்கள். செங்கல்லைச் சுற்றி ஒரு பழைய தாம்பாளமோ வெட்டிய கேனோ இருந்தால் சிந்துவது கூளத்துக்குப் போகாது. இரவில் கோழி குடிப்பதில்லை. பொழுது பட்டதும் பாத்திரத்தை வெளியே எடுத்துவிடலாம்.

13. காலையில் கூட்டைத் திறந்ததும் குந்தி, கோழியின் தலை மட்டத்தில் மூக்கை வைத்து முதல் மூச்சை இழுங்கள். நிற்கிற உயரத்தில் தெரியாத நெடி அங்கே தெரியும். முதல் மூச்சைத்தான் நம்ப வேண்டும், சில நிமிடத்தில் மூக்குப் பழகிவிடும். கூட்டுக் காற்றில் அமோனியா பத்து இலட்சத்தில் 25 பங்கைத் தாண்டக் கூடாது என்பார்கள். நமக்குக் கண் கரிக்கிற அளவு வந்துவிட்டால் எல்லை எப்போதோ கடந்துவிட்டது. கோழியின் கண் ஓரம் நுரைப்பது, நெஞ்சிறகில் அழுக்கு அப்பியிருப்பது, பாதத்தில் புண் வருவது எல்லாம் ஈரக் கூளத்தின் அடையாளங்கள்.

14. குஞ்சு பொரிக்க வைப்பவர்கள் மட்டும் ஈரப்பதமானி ஒன்று வாங்கிக்கொள்வது பயன் தரும். மலிவான டிஜிட்டல் மானி பத்து வீதம் வரை கூட்டியோ குறைத்தோ காட்டலாம். நம்புவதற்கு முன் சோதியுங்கள். ஒரு போத்தல் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, சேறு பதத்துக்கு மட்டும் சில துளி தண்ணீர் விடுங்கள்; உப்புக் கரைந்து திரவமாகிவிடக் கூடாது. மூடியையும் மானியையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து அடைத்து, ஓர் இரவு வீட்டுக்குள் விடுங்கள். காலையில் மானி 75 வீதம் காட்ட வேண்டும். 82 காட்டினால் அது எப்போதும் ஏழு கூட்டிச் சொல்கிறது என்று பின்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

15. அடை முட்டையில் மலையகத்துக்கு என்று ஒரு தனிக் கணக்கு உண்டு. 21 நாள் அடையில், முதல் 18 நாளில் முட்டை தன் எடையில் 11 முதல் 13 வீதத்தை நீராவியாக இழக்க வேண்டும். அப்போதுதான் அகலமான பக்கத்தில் காற்றறை பெருகி, குஞ்சு ஓட்டை உடைக்கும் முன் முதல் மூச்சை அங்கே இழுக்கும். வறண்ட ஊர்களில் ஈரம் போதாமல் தண்ணீர் தெளிக்கிறார்கள். நம் ஊரில் ஈரம் கூடி, முட்டை வேண்டிய அளவு இழக்காமல், குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். பொரிக்காத முட்டையை உடைத்தால் பிசுபிசுத்த தண்ணீரோடு முழுக் குஞ்சு இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சமையலறைத் தராசு இருந்தால் அடை வைக்கும் நாளில் இரண்டு முட்டைக்குப் பென்சிலால் அடையாளமிட்டு நிறுத்துவிடுங்கள். 60 கிராம் முட்டை பதினெட்டாம் நாள் 53 கிராம் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். பத்தாம் நாள் நிறுத்துப் பார்த்து மூன்றரை நாலு கிராம் குறைந்திருந்தால் பாதை சரி. ஒன்றரைதான் குறைந்திருக்கிறது என்றால் அடைக்கோழியை ஈரத் தரையிலிருந்து பலகை மேல் உள்ள பெட்டிக்கு மாற்றி, வைக்கோலையும் புதிதாக்குங்கள். பொரிப்பு இயந்திரம் வைத்திருப்பவர்கள் முதல் 18 நாளும் 50 முதல் 55 வீதம், கடைசி மூன்று நாளும் 65 முதல் 70 வீதம் என்று பிடியுங்கள். இயந்திரம் வைத்திருக்கும் காம்பராவே ஈரமாக இருந்தால் முதல் வாரங்களில் உள்ளே தண்ணீர்த் தட்டு தேவைப்படாமலும் போகலாம். மானியைப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

16. பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 பாகை சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று பாகை குறைத்துக்கொண்டே வரலாம். குமிழ் விளக்கின் கீழே சிந்திய தண்ணீர் இருந்தால் சூடும் ஈரமும் காற்றும் ஒன்றாய்ச் சேர்ந்துவிடுகின்றன. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமி எச்சத்தில் வெளிவந்ததும் நோய் தரும் பக்குவம் அடைய இந்த மூன்றும்தான் தேவை. வாய்ப்பான சூட்டில் இரண்டே நாளில் தயாராகிவிடும். மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகளைக் கண்ணில் வைத்திருங்கள். கழிச்சலில் இரத்தம் கண்டால் கைமருத்துவத்தில் நாளைக் கடத்தாமல் அன்றே மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். அட்டைப் பெட்டியில் குஞ்சு வைத்தால் அடி அட்டை நனைந்ததும் பெட்டியையே மாற்றுங்கள். வழுக்கும் கடதாசியில் கால் விரிந்துபோகும், சாக்குத் துண்டு விரியுங்கள்.

17. பூஞ்சணம் பிடித்த கூளத்திலிருந்து கிளம்பும் தூள் குஞ்சின் நுரையீரலில் போய் முளைக்கும். குஞ்சு வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு வாங்கும். இதற்கு வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் எதுவும் இல்லை. பழைய வாசம் வீசுகிற கூளத்தைக் குஞ்சுக்குப் போடவே போடாதீர்கள்.

18. சூடு கொடுக்கக் கூட்டுக்குள் கரிச்சட்டி வைக்காதீர்கள். மூடிய இடத்தில் கரிப்புகை கோழியையும் கொல்லும், கூடு வீட்டோடு ஒட்டியிருந்தால் ஆளையும் கொல்லும். விளக்குப் போடுவதென்றால் சங்கிலியில் தொங்கவிட்டு, கம்பிக் கூடு போட்டு, கூளத்திலிருந்து ஒன்றரை அடியாவது உயரத்தில் கட்டுங்கள். ஈரத்தில் வயர் இணைப்பை வெறும் டேப்பால் சுற்றி விடுவது பெரிய ஆபத்து. லயத்தில் ஒரு காம்பராவில் பற்றினால் கூரை வழியே வரிசை முழுவதற்கும் போகும். மின்சாரம் மிச்சப்படுத்தும் குமிழ்களில் வெளிச்சம்தான் வரும், குஞ்சுக்கு வேண்டிய சூடு வராது.

19. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் புல்லில் உறைபனி விழும் இரவுகளில் கீழ்ப்பக்க மறைப்பை நன்றாக இறக்குங்கள், மேல் இடைவெளியைத் தொடாதீர்கள். கொண்டை நுனி கறுப்பது குளிரோடு ஈரமும் சேர்ந்தால்தான் சீக்கிரம் வரும். உட்காரும் கம்பு உருண்டையாக இல்லாமல் இரண்டு அங்குல அகலத்தில் தட்டையாக இருந்தால் கோழி தன் இறகால் விரல்களை மூடிக்கொள்ளும்.

20. கோழித்தீன் மூட்டையைச் சுவரோடு சாய்க்காதீர்கள். பலகை மேல், மூடியுள்ள வாளியில், இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கி வையுங்கள். கட்டிபட்டுப் பச்சை படர்ந்த தீனை வெயிலில் காய வைத்துக் கொடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பூஞ்சணம் காய்ந்து உதிரும். அது விட்ட நஞ்சு தீனிலேயே இருக்கும், வெயிலோ அடுப்போ அதைப் போக்காது. மாட்டுக்கும் வாத்துக்கும் அதைத் தள்ளிவிடவும் கூடாது. வாத்துக்குஞ்சுதான் இந்த நஞ்சுக்கு முதலில் சாகும்.

21. முட்டைப் பெட்டியில் வைக்கோலை வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். அழுக்கு முட்டையைக் கழுவி வைத்தால் ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் போய்விடும். காய்ந்த துணியால் துடைத்து, முதலில் சமைத்துவிடுங்கள்.

22. கூளம் முழுவதையும் மாற்றுவதற்கு ஹட்டன், டிம்புலப் பக்கத்தவர்களுக்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. தரமான தேயிலை கிடைக்கிற அந்தக் காய்ந்த காற்றுப் பருவத்தில் தரையும் காயும், கழுவிய பலகையும் காயும். மே மாத மழை தொடங்குவதற்குள் புதுக் கூளம் போட்டு முடித்திருக்க வேண்டும். வாரிய கூளத்தை உடனே கரட், லீக்ஸ் பாத்திக்குப் போட்டால் வேர் கருகும். மேட்டான இடத்தில் குவித்து, மழை படாமல் மூடி, இடைக்கிடை புரட்டி, மூன்று மாதம் மக்கவிடுங்கள். குவியலைப் பீலிக்கும் குடிதண்ணீர் ஓடைக்கும் மேற்புறத்தில் போடக் கூடாது. நோய் வந்த கூட்டின் கூளத்தை மட்டும் பாத்திக்குக் கொண்டுபோகாமல் தனியே குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள்.